சவரிமுத்து – சான்று தேவை

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலேயே மழை. குடையை பஸ்ஸில் விட்டாச்சு. இந்த வருஷத்தில் இது மூணாவது குடை.

இ-சேவை மையத்தில் சர்வர் பதினொன்றரை மணி வரை எழுந்திருக்கவில்லை. வரிசை வாசலைத் தாண்டி. வாரிசுச் சான்று, சாதிச் சான்று, இறப்புச் சான்றில் பெயர் திருத்தம். காவாந்தண்டலத்துப் பெரியவர் ஒருவர். அவருடைய அப்பா பெயர் ஆதாரில் ஒன்று, பட்டாவில் ஒன்று. "எங்கப்பன் பேரு எனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார். உங்களுக்குத் தெரியும் ஐயா, கம்ப்யூட்டருக்கும் தெரியணுமே என்றேன். இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வெட்கம்கூட விட்டுப்போச்சு.

மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு களஞ்சியம் பார்த்தேன். நாலு வருஷமாக அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறேன். அங்கே என் பெயர் 'ஏரிக்கரை'. எழுத்துப்பிழை திருத்துவது, ஊர்ப் பெயர்களைச் சரிபார்ப்பது, குப்பை அகற்றுவது. வேலைக்குப் போன இடத்திலும் சான்று, வேலை முடிந்தாலும் சான்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு என்ன குறை. எனக்குப் பேர் தெரியாத மொழிகளில் எல்லாம் கட்டுரை கிடக்கிறது. அங்கேயிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். எங்கள் ஏரிக்கு ஆறே வரி. ஐந்தாவது வரி: "பெருவெள்ளத்தின்போது அன்றைய ஊர்த்தலைவரின் முயற்சியால் கரை உடையாமல் காக்கப்பட்டது." சான்று: ஊர்த்தலைவரின் நூற்றாண்டு மலர். அவர் வீட்டாரே அச்சடித்தது.

அப்பா பெயர் இல்லை, எங்கள் நைனா பெயர். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் கூட இல்லை.

அக்டோபர் 15, புதன்

எழுதிவிட்டேன். நாலு வருஷமாக எழுதாமல் இருந்ததை மதிய இடைவேளையில் எழுதினேன். டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கே சிரிப்பாக இருந்தது.

எழுதியது இது: "மதகில் மரம் அடைத்துக்கொண்டு தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கரை கசியத் தொடங்கியது. கீழ்த்தெருவைச் சேர்ந்த சவரிமுத்து நீரில் மூழ்கி அந்த மரத்தை அகற்றினார். மதகு திறந்தது. அவர் திரும்பவில்லை."

முதலில் கீழ்த்தெரு என்று எழுதவில்லை. அப்போது எங்கள் தெருவுக்கு இருந்த பெயரை, சாதியோடு சேர்ந்த பெயரை, பழைய பத்திரங்களில் இருக்கிறபடியே போட்டேன். தானியங்கி வடிகட்டி சிவப்புப் பெட்டியைக் காட்டி நிறுத்தியது. 'இழிசொல் இருக்கலாம்.' நாங்கள் பிறந்து வளர்ந்த தெரு. அதைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள், அடித்தார்கள், கூலி கொடுத்தார்கள். இப்போது நாங்களே எழுதினால் இழிசொல். சரி, கீழ்த்தெரு.

வீட்டுக்கு: பால், உளுந்து, அம்மாவுக்கு சுகர் மாத்திரை.

அக்டோபர் 17, வெள்ளி

இரண்டு நாளாக வரிகள் அப்படியே நிற்கின்றன. யாரும் தொடவில்லை. சாயங்காலம் தைரியம் வந்து அம்மாவிடம் போனைக் காட்டினேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டு ஸ்டெல்லா மைக் பட்டனை அமுக்கிப் பேசக் கற்றுக் கொடுத்திருக்கிறாள், அதனால் மாதா பாட்டு, மழை வருமா, சுகருக்குக் கேழ்வரகு நல்லதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எழுத்து என்றால் என்னிடம்தான் வரவேண்டும்.

படித்தேன். "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். "சவரிமுத்துன்னே போட்டுக்கீதா? காலனி ஆளுன்னு மொட்டையா போடலியே?" பெயர்தான் அம்மா, முழுப் பெயர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு அழுது நான் பார்த்ததில்லை. நைனா போனபோது நான் பத்தாவது. அன்றைக்கு அவளுக்கு அழ நேரம் இல்லை. மறுநாளே நடவுக்குப் போனாள்.

"திரும்பவில்லைன்னு எய்தினியே, அது கரெட்டு" என்றாள். "செத்தாருன்னு எய்தாம வுட்டியே."

அக்டோபர் 18, சனி

என் வரிகளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: சான்று தேவை.

போட்டவர் 'கல்வெட்டன்'. வெளிநாட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன். கறாரான ஆள், கெட்டவர் இல்லை. நான் மதிக்கிற ஆட்களில் ஒருவர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன். போட்டும் இருக்கிறேன்: போன வருஷம் ஓரிக்கை ஊர்க்காரர் ஒருவர், தன் தாத்தா தனியாளாகக் கிணறு வெட்டினார் என்று எழுதியிருந்தார். நாலே நிமிஷத்தில் அழித்தேன். 'சான்று இல்லை. குடும்பக் கதைகளுக்கு இது இடம் அல்ல.' அவர் பிறகு வரவே இல்லை.

இன்றைக்கு அந்த வரி எனக்கே திரும்பி வந்து நிற்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லீவு. நமக்குப் பண்டிகை இல்லை என்றாலும் ஸ்டெல்லா வீட்டில் கூட அதிரசம். ஊர் முழுக்க வெடிச்சத்தம், நாய்கள் எல்லாம் எங்கள் கட்டிலுக்கு அடியில்.

பகல் முழுக்கக் களஞ்சியத்தின் உரையாடல் பக்கத்தில் மல்லுக்கட்டு.

கல்லறைப் படம் போட்டேன். பதில்: பெயரும் இறந்த நாளும் மட்டுமே தெரிகிறது, மதகு பற்றி இல்லை.
மாதா கோயில் பதிவேடு. பதில்: வெளியிடப்படாத ஆவணம்.
அம்மாவைப் பேசவைத்துப் பதிவு பண்ணிப் போட்டேன். பதில்: சொந்த ஆய்வு, உறவினர் கூற்று.
அப்படியானால் நூற்றாண்டு மலர்? அதுவும் உறவினர் போட்டதுதானே என்றேன். பதில்: அது அச்சில் வந்த நூல்.

அச்சில் வந்த நூல். நைனாவின் மகள்கள் நாங்கள் இரண்டு பேரும் அப்போது கல்யாணச் சாப்பாட்டுக்குப் போட வாழையிலைக்கே வழியில்லாமல் இருந்தோம், மலருக்கு எங்கே போவது? கோபத்தில் இதை எழுதிவிட்டு, பிறகு அழித்தேன். அழிக்காமல் இருந்திருக்கலாம். அதில் ஒரு தப்பும் பண்ணினேன்: 'நான் அவருடைய மகள்' என்று சொல்லிவிட்டேன். சொன்னால் மனசு இளகும் என்று நினைத்தேன். களஞ்சியத்தில் மகள் என்றால் ஆர்வ முரண், அதாவது சொந்த ஆதாயம் உள்ள ஆள்.

அக்டோபர் 22, புதன்

ஐயோ.

கல்வெட்டன் உண்மையிலேயே எனக்கு உதவி பண்ணத்தான் தேடியிருக்கிறார். எங்கேயோ ஒரு நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் படமெடுத்து வைத்திருக்கிறார்களாம். மூன்று நாள் புரட்டிக் கண்டுபிடித்திருக்கிறார். "உங்கள் தந்தையார் பற்றிய அச்சுச் சான்று கிடைத்துவிட்டது, மகிழ்ச்சி" என்று முதல் வரி. இரண்டாவது வரியில் மன்னிப்பு கேட்டிருந்தார், ஏன் என்று முதலில் புரியவில்லை.

நாலு வரிச் செய்தி. 'ஏரியில் மூழ்கி ஒருவர் பலி.'

கட்டுரை இப்போது இப்படி இருக்கிறது: "ஊர்த்தலைவரின் முயற்சியால் கரை காக்கப்பட்டது. அப்போது கூலித் தொழிலாளி சவரிமுத்து குடிபோதையில் மதகில் தவறி விழுந்து இறந்தார்." பின்னால் அழகாகச் சான்று எண்.

நான் எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பேப்பரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். படமாகவே அங்கே புதைந்து கிடந்திருக்கும். நைனா பெயரை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தவள் நான்.

சாப்பிடவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அந்த வரியை நீக்கினேன். வடிகட்டி: 'சான்றுள்ள உள்ளடக்கத்தை நீக்குகிறீர்கள்.' மறுபடி நீக்கினேன். மறுபடி அதே பெட்டி. மூன்றாவது தடவை மூன்று நாள் தடை. நாலு வருஷத்தில் என்மேல் விழுந்த முதல் தடை.

பொய்யை எழுதும்போது வராத பெட்டி, எடுக்கும்போது மட்டும் வருகிறது.

இதற்குள் இயந்திர மொழிபெயர்ப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. ஆங்கிலம், தெலுங்கு, இந்தி. நான் எழுதிய கீழ்த்தெரு, மரம், மதகு திறந்தது எதுவும் ஒன்றிலும் இல்லை. குடிபோதை மட்டும் எல்லா மொழியிலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மையத்தில் இன்றைக்கு ஒரு பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். புருஷன் இறந்ததற்குச் சான்று கேட்டதற்கு, "ஊரே வந்து பொதச்சிட்டு போச்சு மேடம், இதுக்கு மேல இன்னா சான்று?" என்றாள். அப்புறம் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு ஏன் என்று தெரியாது.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் அம்மா உபதேசியார் அருளப்பனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். வரி மாறியது அவளுக்குத் தெரியாது. "போன்லயே வந்துக்கீதுபா அவரு பேரு. கல்லறத் திருநா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீ படிக்கணும்." அவர் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். "நெட்ல பாத்துப் படிச்சிடறேன் அக்கா."

நவம்பர் 2. ஒரே வாரம்.

நேராகப் பெரிய வூட்டுக்குப் போனேன். அன்றைய ஊர்த்தலைவரின் மகன் ஏகாம்பரம், எழுபதுக்கு மேல். டிராக்டர் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் சார் என்றிருப்பேன். காரியம் ஆகணுமே, ஐயா என்றேன்.

"சவரி பொண்ணா? வாம்மா. இ-சேவைல கீற பொண்ணு தான நீ."

அன்றைக்கு மதகாண்ட இருந்தீங்களா ஐயா என்றேன்.

"இருந்தனே. எங்கப்பா கரை மேல நின்னு கத்திகினு கீறாரு. கயிறு என் கைல தான் இருந்துது. விடிஞ்சும் விடியாத நேரம். ரெண்டு வாட்டி முங்கி மேல வந்தான். மூணாவது வாட்டி மதகு தொறந்துகிச்சு, தண்ணி கொட கொடன்னு போவுது. எல்லாரும் கைதட்னோம். அப்பறம் தான் பாத்தா கயிறு லூசா கீது."

நைனா குடித்திருந்தாரா என்று கேட்டேன்.

"அவன் எங்க குடிச்சான்மா. வோணாம் சின்னவரே, மாதாக்கு வேண்டிகினு வுட்டுட்டேன்னான். ஐப்பசி தண்ணி, ஐஸு மாரி கீது. உள்ள எறங்கறவனுக்கு ஒரு கிளாஸ் குடுக்கறது நம்மூர்ல வயக்கம். எங்கப்பா குடுறான்னாரு. நான் தான் ஊத்திக் குடுத்தேன். கண்ண மூடிகினு குடிச்சான். குடிச்சிட்டு சிலுவ போட்டுகினான்."

பேப்பரில் அப்படி வந்ததே?

"போலீசு பொணத்த மோந்து பாத்து எய்திகினு போனான். நாங்க ஒண்ணும் சொல்லலம்மா."

ஒண்ணும் சொல்லவில்லை. ஆமாம், அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை.

இதை இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் ஐயா, இல்லையென்றால் போனில் பேசிக் கொடுங்கள் என்றேன். காலைத் தொட்டிருப்பேன், அவ்வளவு கெஞ்சினேன். "எய்த்துல எல்லாம் வோணாம்மா. பையன் எலக்சன்ல நிக்கறான். மலரு மறுபடி போடறப்ப பாக்கலாம்." எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, மரத்தில் பறித்த நாலு எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

தடை முடிந்தது. எலுமிச்சம்பழம் இன்னும் பையிலேயே.

ஏகாம்பரம் சொன்னதை உரையாடல் பக்கத்தில் அப்படியே எழுதினேன். கல்வெட்டன் உடனே பதில் போட்டார்: "நான் உங்களை நம்புகிறேன். களஞ்சியத்தால் நம்ப முடியாது." இதைவிட நல்ல மனசோடு ஒருவர் கதவைச் சாத்த முடியாது. 'நாளிதழ்ச் செய்தியின்படி' என்று மட்டும் முன்னால் சேர்த்தார். சேர்த்து என்ன? பேப்பர்காரன் சொன்னான் என்று சொல்லி மறுபடியும் குடிகாரன்.

யோசித்து யோசித்து ஒன்று பண்ணினேன். சவரிமுத்து என்ற பெயரையே கட்டுரையிலிருந்து எடுத்துவிடும்படி விண்ணப்பம் போட்டேன். காரணம் என்ற பெட்டியில்: 'குறிப்பிடத்தக்க நபர் அல்ல.'

நானே எழுதினேன். என் விரலால். அவரை வெளியே எடுக்க இருக்கிற ஒரே வழி அந்த மூன்று வார்த்தைதான்.

வாக்கெடுப்பு ஏழு நாள். நவம்பர் 4-இல் முடியும். கல்லறைத் திருநாள் 2-ஆம் தேதி.

அக்டோபர் 30, வியாழன்

விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு, மையத்துக்கு லீவு இல்லை. பஸ் ஏரிக்கரை வழியாகத்தான் வரும். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போகிறது. பஸ்ஸே எழுந்து ஜன்னல் பக்கம் வந்து வீடியோ எடுத்தது. "சூப்பரா கீதுபா" என்றார் கண்டக்டர். நான் எப்போதும் போல அந்தப் பக்கம் உட்காரவில்லை.

ஓரிக்கைக்காரருக்கு, கிணறு வெட்டிய தாத்தாவின் பேரனுக்கு, அவருடைய பக்கத்தில் ஒரு செய்தி வைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று. பார்ப்பார் என்று தோன்றவில்லை.

வாக்கு இதுவரை: நீக்கலாம் ஒன்று, வைக்கலாம் மூன்று. வைக்கலாம் என்றவர்களில் ஒருவர் எழுதியது: "சான்றுள்ள தகவல். அடித்தட்டு மக்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெற வேண்டும்." படித்துவிட்டுச் சிரித்தேன், பக்கத்து சீட் பெண் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 1, சனி

பூ: சாமந்தி இரண்டு முழம், கோழிக்கொண்டை. மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட். சுண்ணாம்பு. ஊதுபத்தி.

காலையில் போய்க் கல்லறையைச் சுத்தம் பண்ணி வெள்ளையடித்தோம். அம்மா எழுத்தின்மேல் சுண்ணாம்பு படாமல் விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். எது எந்த எழுத்து என்று தெரியாது, ஆனால் எத்தனை எழுத்து என்று தெரியும்.

உபதேசியாரைத் தனியாகப் பிடித்து, கல்லறைத் தோட்டத்தில் நெட் கிடைக்காது, நான் தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். "அதுவும் கரெட்டு தான்மா" என்றார். முன்பு எழுதிய நாலு வரியையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு கிளாஸை எழுதவில்லை. எழுதினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எழுதாததால் நானும் ஒரு மலர் போட்டவள்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் சேறு, எல்லார் காலிலும்.

கல்லறை மந்திரிப்பு, தீர்த்தம் தெளிப்பு முடிந்து உபதேசியார் படித்தார். நல்ல குரல். 'அவர் திரும்பவில்லை' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். பெரிய வூட்டிலிருந்து ஒரு மாலை வந்திருந்தது, ஆள் வரவில்லை. அம்மா நிமிர்ந்து நின்றாள். நடவில் குனிந்து குனிந்து வளைந்த முதுகு, இன்றைக்கு எப்படி நிமிர்ந்ததோ. தப்பித்தோம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் நான் அடுப்படியில். எலுமிச்சம்பழம் வாடிப்போயிருந்தது, ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா என் போனோடு. மாதா பாட்டு கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன். மைக் 'டொய்ங்' என்றது.

"நம்மூரு ஏரி. சவரிமுத்து."

அந்த இனிமையான பெண் குரல்: "சவரிமுத்து, கூலித் தொழிலாளி. குடிபோதையில் ஏரி மதகில் தவறி விழுந்து இறந்தார்."

கத்தி கையில் அப்படியே. எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

மறுபடி டொய்ங். இந்தத் தடவை தாலுகா ஆபீசில் பேசுகிற மாதிரி, மெதுவாக, மரியாதையாக: "அம்மா, சவரிமுத்துவப் பத்தி சொல்லும்மா. மரத்த எடுத்தாரே, மதகு தொறந்தாரே, அவரு."

அதே குரல். அதே வரி.

மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் சொன்னது.

"ஜெசி, இங்க வாடி" என்று கூப்பிட்டாள். போனேன். அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற யாரோ சவரிமுத்துவப் பத்தியே சொல்லிகினு கீது. பாவம், எந்த ஊரு ஆளோ, அவன் பொண்டாட்டி புள்ளிங்கோ கேட்டா இன்னா ஆவும். நம்ம ஆளு எங்க கீறாரு? தேடிக் குடு."

போனை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலில் எலுமிச்சைச் சாறு. திரையை மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.